ஜட்ஜய்யர் எடைக்கு ஒரு ஜோடி ஸ்பிரிங்

எங்கள் மெக்கானிக்குகள் சங்கம் ஆண்டு மலர் போடுகிறதாம். ஓய்வு பெற்றவர்கள் ஆளுக்கு ஒரு அனுபவக் கட்டுரை எழுதித் தரவேண்டுமாம். போன மலரைப் படித்துப் பார்த்தேன். எழுதிய அத்தனை பேரும் ஏழையாகப் பிறந்து, நேர்மையாக உழைத்து, ஆண்டவன் அருளால் உயர்ந்திருக்கிறார்கள். ஒருத்தராவது ஒரு போல்ட்டை அதிகமாக முறுக்கி உடைத்ததாகக் காணோம். நான் எழுதப் போவது ஒரு ரிட்டயர்டு ஜட்ஜின் பின்புறத்தைப் பற்றி. மலர்க் குழுவினருக்குப் பிடிக்காவிட்டால் போடவேண்டாம். அந்தப் பக்கத்தில் டயர்க்கடை விளம்பரம் போட்டுக்கொள்ளட்டும்.

அடையாறில் என் மகன் பட்டறை வைத்திருக்கிறான். பொழுது போகாமல் நானும் அங்கே போய் ஒரு ஸ்டூலில் உட்காருவேன். வருகிறவர்களில் பாதிப்பேர் நல்ல ஷாக் அப்சார்பரைக் கழற்றிப் போட்டுவிட்டு வேறு போடச் சொல்கிறார்கள். எண்ணெய் வைத்தது, காற்று அடைத்தது, ஐந்து படி திருகுவது என்று பட்டியல் சொல்கிறார்கள். எல்லாம் மனப்பாடம். "பின்னால் யார் உட்காருவாங்க?" என்று நான் கேட்டால் மட்டும் முகம் ஒரு மாதிரி ஆகிவிடுகிறது. ஷாக் எவ்வளவோ மாறிவிட்டது. இந்த முகம் மட்டும் நாற்பதுகளில் பார்த்த அதே முகம்.

நான் சாந்தோம் மாதா கோயில் பங்கில் பிறந்தவன். அப்பா வாத்தியார், பெரியப்பா வாத்தியார், அத்தை கன்னியாஸ்திரி மடத்தில் வாத்தியார். என்னையும் வாத்தியாராக்கப் பார்த்தார்கள். நல்லவேளை, யுத்தம் வந்தது. ராணுவ மோட்டார் பட்டறையில் சேர்ந்து மோட்டார் சைக்கிளைப் பிரிக்கவும், பூட்டவும், இங்கிலீஷில் திட்டு வாங்கவும் கற்றுக்கொண்டேன். அந்த வண்டிகளுக்குப் பின் சக்கரத்தில் ஸ்பிரிங்கே கிடையாது. சக்கரம் நேரே சட்டத்தில் பூட்டியிருக்கும். ஓட்டுகிறவன் சீட்டுக்கு அடியில் இரண்டு சுருள்கம்பி, அவ்வளவுதான். சிப்பாயின் முதுகெலும்பு சர்க்கார் சொத்து என்பதால் அதைப் பற்றி யாரும் கவலைப்படவில்லை. என் படிப்பைப் பற்றி இவ்வளவு போதும்.

யுத்தம் முடிந்ததும் லஸ் முனைக்குப் பக்கத்தில் ஒரு பட்டறையில் வேலைக்குச் சேர்ந்தேன். முதலாளி என்று ஒருவர் இருந்தார். சாயங்காலம் வந்து நாற்காலியில் உட்கார்ந்து, காப்பி சாப்பிட்டுவிட்டுப் போவார். உண்மையில் பட்டறை நாயுடு மேஸ்திரியுடையது. குள்ளமான வற்றல் உடம்பு, மூக்கு மட்டும் பெரிய ஆளுக்குச் செய்தது. முன்பல் ஒன்று கிடையாது. அழுத்திவைத்த ஸ்பிரிங்கின் மூடியைத் திறக்கும்போது முகத்தை எதிரே வைத்ததால் போன பல் அது. ஆனால் வாடிக்கைக்காரரைப் பார்த்து, "ரேஸ்ல போச்சு சார்" என்பார். எங்களைத் திட்டும்போது மட்டும் உண்மையைச் சொல்வார்.

அந்தச் சமயத்தில் பின் சக்கரத்துக்கும் ஸ்பிரிங் வைத்த சீமை வண்டிகள் வர ஆரம்பித்திருந்தன. சக்கரத்தின் அச்சுக்கு இரண்டு பக்கமும் நிமிர்ந்த ஒரு குழாய், குழாய்க்குள் சுருள்கம்பி. இன்றைய ஷாக்குக்குப் பாட்டன். எண்ணெய் கிடையாது, கிரீஸ்தான். ஸ்பிரிங் போய்விட்டால் சீமைக்கு எழுதிப் போட்டுக் காத்திருக்கவேண்டும். காத்திருக்கப் பொறுமையில்லாதவர்கள் நாயுடுவிடம் வருவார்கள். அவர் புதுப்பேட்டைக்குப் போய், ராணுவம் கழித்துப்போட்ட இரும்புக் குவியலில் குந்தி, கம்பியின் கனத்தையும் சுற்றையும் பார்த்துப் பொறுக்கிக்கொண்டு வருவார்.

அவர் ஸ்பிரிங் தேர்ந்தெடுக்கிற அழகைச் சொல்லவேண்டும். முதலில் மண்ணெண்ணெயில் கழுவுவார். ஜோடியைக் கண்ணாடித் தகட்டின்மேல் பக்கத்தில் பக்கத்தில் நிறுத்தி, ஒன்று உயரமா, ஒன்று சாய்ந்திருக்கிறதா என்று ஒற்றைக் கண்ணால் பார்ப்பார். பிறகு சிமெண்டுத் தரையில் தட்டி ஓசை கேட்பார். இது எதற்கு என்று எனக்கு இன்றுவரை தெரியாது, அவருக்கும் தெரியாது என்றுதான் நினைக்கிறேன். பிறகு வண்டியில் பூட்டி, ஆளை ஏறி உட்காரச் சொல்லி, மட்கார்டுக்கும் அச்சுக்கும் நடுவே ஒரு தென்னங்குச்சியை வைத்து எவ்வளவு அமுங்கியது என்று நகத்தால் கீறிக்கொள்வார். அமுங்கக்கூடிய தூரத்தில் மூன்றில் ஒரு பங்கு அமுங்கவேண்டும். குறைந்தால் கல்மேல் உட்கார்ந்த மாதிரி தூக்கிப் போடும். மிஞ்சினால் பள்ளத்தில் அடியோடு போய் டங்கென்று இடிக்கும்.

கடைசியில் சாலைச் சோதனை. நான் ஓட்டவேண்டும். அவர் வாய் நிறைய வெற்றிலை போட்டு, சாறு ததும்பும் நேரம் பார்த்து, மணல் மூட்டை ஒன்றை மடியில் வைத்துக்கொண்டு பின்னால் உட்காருவார். அவருடைய வற்றல் உடம்பும் மூட்டையும் சேர்ந்து, வாடிக்கைக்காரர் சொன்ன எடை. லஸ் முனையில் டிராம் தண்டவாளத்தைக் குறுக்கே தாண்டவேண்டும். சட்டையில் ஒரு சொட்டுச் சாறு விழுந்தால் ஸ்பிரிங் தோற்றது. அவருடைய பழைய சட்டைகளைப் பார்த்தால் எத்தனை ஸ்பிரிங் தோற்றது என்று கணக்கு எடுக்கலாம்.

இதில் ஒரே சிக்கல், எடையைப் பற்றி மனிதர்கள் உண்மை சொல்லமாட்டார்கள். தியாகராய நகரில் ஒரு வெல்ல வியாபாரி, "நான் ஒண்டியாத்தான் போறேன்" என்று அடித்துச் சொன்னார். ஒண்டி ஆளுக்கு ஏற்ற ஸ்பிரிங் போட்டுக் கொடுத்தோம். கொஞ்சநாளில் நசுங்கிப்போய் வந்தது. மறுபடியும் அதே பேச்சு, மறுபடியும் நசுங்கல். நாயுடு அவரைத் தனியாகக் கூப்பிட்டு, "சார், நீங்கோ வடபழனி முருகனுக்கு அடிக்கடி போறீங்கோ. முருகனும் பின்னாடி ஏறிக்கிறாருபோலக்கீது. ரெண்டு பேருக்கு ஏத்தா மாரி போட்டுடறேன்" என்றார். வியாபாரி கூலியை முன்கூட்டியே எண்ணி வைத்தார். அதற்குப் பிறகு வண்டி பழுதென்று வரவே இல்லை.

இப்போது ஜட்ஜய்யர் விஷயம்.

மாட வீதியில் ரிட்டயர்டு சப் ஜட்ஜ் வைத்தியநாதய்யர் என்று ஒருவர் இருந்தார். வேலையிலிருந்து ஓய்வு பெற்றாரே தவிர, தீர்ப்பு சொல்வதிலிருந்து ஓய்வு பெறவில்லை. காய்கறிக்காரி, பால்காரர், கோயில் மேளக்காரர் என்று யார் வழக்கும் அவர் வாசலைத் தாண்டிப் போகாது. அவருடைய ஒரே பிள்ளை ராமச்சந்திரன், வெள்ளைக்காரக் கம்பெனி ஒன்றில் உத்தியோகம். சுதந்திரம் வந்து ஊருக்குக் கிளம்பிய ஒரு துரையிடமிருந்து ஸ்பிரிங் வைத்த சீமை வண்டியை வாங்கியிருந்தார். அதை ஓட்டிக்கொண்டு ஒருநாள் பட்டறைக்கு வந்தார்.

"மேஸ்திரி, பின்னாடி ரொம்பத் தூக்கிப் போடறதாம். முன்னாடி நேக்கு ஒண்ணும் தெரியலை. ஆத்துல சொல்றா."

நாயுடுவுக்கு அந்த வண்டி பழக்கம். துரைசானி நல்ல கனமான உடம்பு என்று துரை கேட்டுக்கொண்டதால் முரட்டு ஸ்பிரிங் ஒன்றை அவரே போட்டிருந்தார்.

"அது துரைசானிக்குப் போட்டது சார். ஒங்க வூட்ல இன்னா எடை இருப்பாங்கோ?"

ராமச்சந்திரன் முகம் போன போக்கைப் பார்க்கவேண்டும். ஏதோ அவர் மனைவியின் கையைப் பிடித்து இழுத்ததுபோல. "அதெல்லாம் எதுக்குக் கேக்கறேள்?" என்றார்.

"எடை தெரியாம ஸ்பிரிங் எப்டி சார் போடறது? இல்லாங்காட்டி ஒருவாட்டி இட்டுகினு வாங்கோ. குந்த வெச்சிப் பாத்துடலாம்."

"பட்டறைக்கா!" என்று அலறினார். அப்புறம் பெட்ரோல் பீப்பாயில் சாய்ந்துகொண்டு குடும்பக் கதையைச் சொன்னார். பட்டறையில் மனைவி எடையைச் சொல்லக்கூடாது, ஆனால் குடும்பக் கதையைச் சொல்லலாம்.

மனைவி பெயர் விசாலாட்சி. டாக்டருக்குப் படிக்கிற பெண். அவருடைய தகப்பனாரும் டாக்டர். பெண் படித்து முடிக்கவேண்டும் என்று நிச்சயதார்த்தத்தன்று நாலு பேர் முன்னால் ஜட்ஜிடம் வாக்கு வாங்கிக்கொண்டுதான் கொடுத்திருக்கிறார். ஜட்ஜும் சபை நடுவே பெருமையாகத் தலையாட்டிவிட்டார். கல்யாணம் முடிந்து மாட்டுப்பெண் தினமும் கல்லூரிக்குக் கிளம்பிப் போன பிறகுதான், சமையலறையில் ஒரு கை குறைவது தெரிந்திருக்கிறது. பஸ்ஸில் போகக்கூடாது, கண்டவன் இடிப்பான் என்று முதலில் ஒரு உத்தரவு. சரி என்று ராமச்சந்திரன் வண்டியில் கொண்டுவிட ஆரம்பித்தார். இப்போது விசாலாட்சிக்கு முதுகுவலி. ஜட்ஜுக்கு வயிற்றில் பால் வார்த்த மாதிரி ஆகிவிட்டது.

"அப்பா படிக்க வேண்டாம்னு சொல்லலை. வாக்குக் குடுத்தாச்சோல்லியோ. 'முதுகு வலிக்கறவ எப்படிடா படிப்பா, பாவம்'ங்கறார். பங்குனி உற்சவம் வரைக்கும் பாப்பாராம். தேர் நிலைக்கு வந்தப்பறமும் வலிச்சுதுன்னா படிப்பை நிறுத்திடணும்ங்கறார்."

"நீங்கோ இன்னா சொன்னீங்கோ?"

"நான் என்ன சொல்றது? ஸ்பிரிங்கை மாத்தலாம்னேன்."

ஆக, ஒரு பெண்ணின் டாக்டர் படிப்பு எங்கள் பட்டறையில் இரண்டு சுருள்கம்பியின்மேல் வந்து நின்றது. கம்பியாவது அமுக்கினால் திரும்ப நிமிரும். ராமச்சந்திரன் அதுகூடச் செய்யமாட்டார்.

மறுநாள் எடைக் கேள்விக்கு ஜட்ஜிடமிருந்து பதில் கொண்டுவந்தார். "எங்காத்துப் பொம்மனாட்டிகள் எடையைப் பட்டறையில பேசப்படாதாம். கொடி மாதிரி இருக்கான்னு மட்டும் சொல்லச் சொன்னார்."

அவர் போனபிறகு நாயுடு என்னைப் பார்த்தார். "இன்னா கொடின்னு கேட்டியா சூசை? அவரைக் கொடியா, பூசணிக் கொடியா?"

ராமச்சந்திரன் தன்னுடைய எடையையாவது ஒழுங்காகச் சொன்னாரா என்றால், கல்யாணத்துக்கு முன்னால் பார்த்த எடையைச் சொன்னார். மாமனார் வீட்டுத் தீபாவளிகள் அதில் சேரவில்லை. இந்த இரண்டு பொய்களையும் கூட்டி, நாயுடு மெல்லிய கம்பி ஒரு ஜோடி பொறுக்கிவந்து போட்டார். கண்ணாடியில் நிறுத்தினார், தரையில் தட்டினார், குச்சியால் அளந்தார். தண்டவாளத்தைத் தாண்டினோம், சட்டையில் ஒரு சொட்டு இல்லை. ராமச்சந்திரன் முன் சீட்டில் ஏறி ஒரு சுற்றுப் போய்விட்டு வந்து, "மெத்தை மாதிரி இருக்கு" என்றார்.

ஒரு வாரத்தில் திரும்ப வந்தார். "இப்பத் தூக்கிப் போடலையாம். பள்ளத்துல டங்கு டங்குன்னு இடிக்கறதாம். முன்னைவிட வலி ஜாஸ்தியாம். நேக்கு முன்னாடி நன்னாத்தான் இருக்கு."

நாயுடுவுக்கு ரோஷம் வந்துவிட்டது. நடுத்தரமாக இன்னொரு ஜோடி போட்டார். மறுபடியும் ராமச்சந்திரன் முன்னால் ஏறிப் பார்த்து மெத்தை என்றார், மறுபடியும் பின்னாலிருந்து புகார் வந்தது. பின் சீட்டைப் பற்றி நாலு ஆண்பிள்ளைகள் ஓயாமல் பேசினோம். பின் சீட்டில் உட்காருகிற ஆளைத்தான் யாரும் கேட்கவில்லை. பங்குனி உற்சவத்துக்குப் பந்தல்கால் நட்டாகிவிட்டது. எனக்கு அந்த முகம் தெரியாத பெண்ணை நினைத்துச் சங்கடமாகவே இருந்தது.

ஒருநாள் காலை, கோயில் அர்ச்சனைத் தட்டோடு ஒரு பெண் பட்டறை வாசலில் வந்து நின்றார். ஒல்லிதான், ஆனால் கொடி கிடி என்று சொல்லும்படி ஒன்றுமில்லை. நேராக நின்றார். வழி தவறி வந்துவிட்டார் என்று நினைத்து, கோயில் அந்தப் பக்கம் என்று கை காட்டினேன்.

"தெரியும். மேஸ்திரி இருக்காரா? நான்தான் அந்த வண்டியில பின்னாடி உக்காரறவ" என்றார்.

நாயுடு ஒரு வண்டிக்கு அடியிலிருந்து ஊர்ந்து வெளியே வந்து, எழுந்து, கையைத் துணியில் துடைத்தார். இன்னொரு மெக்கானிக் பீடியைக் காலுக்கடியில் போட்டார்.

விசாலாட்சி தன் எடையைச் சொன்னார், கத்தரிக்காய் எடை சொல்கிற மாதிரி. கணவருடைய சரியான எடையையும் சொன்னார். "அதோட மடியில பை ஒண்ணு இருக்கும். அதையும் சேத்துக்கணும்" என்றார்.

"பையில இன்னாம்மா கீது?"

"புஸ்தகம். அப்பறம் எலும்பு."

"இன்னா எலும்பு?"

"மனுஷா எலும்பு. தொடையெலும்பு, இடுப்பெலும்பு, ஒரு மண்டையோடு. படிக்கறதுக்குக் காலேஜ்ல குடுத்தா. ஆத்துல சுருதிப்பெட்டின்னு சொல்லி வெச்சிருக்கேன்."

நாயுடு வாயிலிருந்த வெற்றிலையை அப்படியே விழுங்கிவிட்டார். ஜட்ஜின் பூஜை அறைக்கு அடுத்த அறையில் மண்டையோடு. என்னால் சிரிப்பை அடக்கமுடியவில்லை, ஒரு ஸ்பானரை எடுப்பதுபோலக் குனிந்துகொண்டேன்.

"இப்பத் தெரிஞ்சுபோச்சும்மா. ஒங்களுக்கு ஏத்தா மாரி ஒரு ஜோடி போட்டுத் தரேன். பூ மாரி போவும்" என்றார் நாயுடு.

"வேண்டாம்" என்றார் விசாலாட்சி. "அதைச் சொல்லத்தான் வந்தேன். என் எடைக்குப் போடாதீங்கோ. எங்க மாமனார் எடைக்குப் போடுங்கோ."

"அவுருக்கு இன்னாத்துக்கும்மா? அவுரு இத்த பிசாசு வண்டின்னு சொல்றவராச்சே. ஏறவே மாட்டாரு."

"ஏறினா எறங்க மாட்டார்." தட்டிலிருந்த தேங்காய் உருண்டது, அதைப் பிடித்துக்கொண்டு சொன்னார். "எங்கப்பா எனக்குச் சீரா ஊஞ்சல் குடுத்தார். இப்ப அது அவரோடது. ரேடியோ குடுத்தார். அதுவும் அவரோடது. எங்காத்துல எது சௌகரியமா இருந்தாலும் கடைசியில அவர்கிட்டப் போய்ச் சேந்துடும். பின் சீட்டும் சௌகரியமா இருந்தா அதுவும் போயிடும். அப்பறம் நான் பஸ்ஸுல போயிப்பேன்."

"பஸ்ஸுல போவக்கூடாதுன்னாரே?"

"என் சௌகரியத்துக்குக் கூடாது. அவர் சௌகரியத்துக்குன்னா கூடும்."

நாயுடு தலையைச் சொறிந்தார். "அவுரு எடைக்குப் போட்டா ஒங்களுக்குக் கல்லு மேல குந்துன மாரி இருக்கும். ஒருவேள அவுரு ஏறலேன்னா..." என்று இழுத்தார்.

"தெரியும். தேர் வரைக்கும் கூடத் தாங்காது, படிப்பு நின்னுடும்" என்றார். "பூ மாதிரி போட்டேள்னாலும் நின்னுடும் மேஸ்திரி. முதுகுவலி போச்சுன்னா வேற வலி கண்டுபிடிப்பார்." சொல்லிவிட்டு, கோயில் பக்கம் திரும்பி நடந்தார்.

அன்று சாயங்காலம் நாயுடு தெப்பக்குளத்துப் படித்துறை ஓரம் வெற்றிலை போட்டுக்கொண்டு உட்கார்ந்திருந்தார். ஜட்ஜ் கை ரிக்ஷாவில் ஏறி உபன்யாசத்துக்குப் போகிற நேரம். அவர் ஏறியதும் ரிக்ஷாவின் வில்பட்டை எவ்வளவு அமுங்கியது, இழுப்பவர் எவ்வளவு முன்னால் சாய்ந்தார் என்று பார்த்துவைத்தார். மறுநாள் அதே ரிக்ஷாவைப் பட்டறைக்கு வரவழைத்து, அதே அளவு அமுங்கும்வரை மணல் மூட்டையை ஏற்றினார். கடைசி மூட்டையை வைத்ததும், "அம்மாடி, பூசணிக் கொடி யாருன்னு இப்பத்தான் தெரியுது" என்றார். துரைசானி ஸ்பிரிங்கை எடுத்துப் பார்த்தார். அதுவும் போதவில்லை. புதுப்பேட்டைக்கு மறுபடியும் போய், கனமான கம்பியில் ஒரு ஜோடி கொண்டுவந்தார். அவர் அவ்வளவு ஆசையோடு ஒரு ஸ்பிரிங்குக்கு கிரீஸ் தடவி நான் பார்த்ததில்லை. தரையில் தட்டிப் பார்க்கக்கூட மறந்து, ராமச்சந்திரன் விட்டுப் போயிருந்த வண்டியில் பூட்டினார்.

பிறகு சட்டையை மாற்றிக்கொண்டு ஜட்ஜ் வீட்டுக்குப் போனார். என்னையும் கூட்டிப்போனார். வாசலில் நின்றுகொண்டே சொன்னார்: "சாமி, ஸ்பிரிங் விசயத்துல நாங்கோ தோத்துட்டோம். சின்னய்யா நல்லாக்கீதுன்றாரு, வூட்ல இல்லேன்றாங்கோ. ரெண்டு பக்கமும் கேட்டு ஒரு தீர்ப்பு சொல்லணும்னா ஒங்கள வுட்டா ஆளு ஏது?"

ஜட்ஜ் ஊஞ்சலை நிறுத்தினார். விசாலாட்சிக்குச் சீராக வந்த ஊஞ்சல். "நான் எப்படிடா தீர்ப்பு சொல்றது? ஸ்தலத்தைப் பார்வையிடாம?"

"அத்தத்தான் சாமி சொல்றேன். பார்வையிடணும்."

மறுநாள் பட்டறைக்கு வந்தார். மேல்கோட்டு, தலைப்பாகை, பஞ்சகச்சம், குடை. பஞ்சகச்சம் மோட்டார் சைக்கிளுக்கென்றே கண்டுபிடித்த உடுப்பு என்று அன்றுதான் தெரிந்தது. பின் சீட்டில் இரண்டு பக்கமும் கால் போட்டுக் கம்பீரமாக உட்கார்ந்தார். நாயுடு குனிந்து குச்சியை வைத்துப் பார்த்தார். மூன்றில் ஒரு பங்கு, நகக்கீறல் பிசகவில்லை.

நான்தான் ஓட்டவேண்டும். "நீ யாரு?" என்றார் ஜட்ஜ்.

"சூசை, சார்."

"ஓஹோ" என்று ஒரு சாண் பின்னால் நகர்ந்தார். "மேல படாம ஓட்டுவியோன்னோ?"

"வண்டிதான் சார் ஓடும். நான் ஒங்க மேல படமாட்டேன்."

லஸ் முனையில் டிராம் தண்டவாளம் வந்தது. அவருடைய ஆசாரமெல்லாம் அதுவரைதான். குடையைக் கக்கத்தில் இடுக்கிக்கொண்டு, இரண்டு கையாலும் என் இடுப்பைக் கட்டிக்கொண்டார். தண்டவாளத்தை வண்டி தாண்டியது, அவர் எதிர்பார்த்த அடி வரவில்லை. "தாண்டிடுத்தா?" என்று என் காதில் கேட்டார். கை மட்டும் இடுப்பை விடவில்லை. சாந்தோம் சாலைக்கு வந்து, கடற்காற்று மேலே பட்டதும் பிடி தளர்ந்தது. திரும்பிப் பார்த்தேன். கண்ணை மூடிக்கொண்டு, ஊஞ்சலில் உட்கார்ந்திருக்கிற முகம்.

பட்டறைக்குத் திரும்பினோம். நாயுடு கைகட்டி நின்றார். ராமச்சந்திரனும் வந்திருந்தார்.

"என்னப்பா, எப்படி இருக்கு?" என்று மகன் கேட்டார்.

ஜட்ஜ் இறங்கவில்லை. உட்கார்ந்தபடியே தொண்டையைச் செருமினார். "ஒரு தரம் பாத்துட்டுத் தீர்ப்பு சொல்லப்படாது. கேஸை நாளைக்கு ஒத்திப்போடறேன். காலம்பர சமுத்திரக்கரை வழியாப் போய்ப் பாக்கணும்."

நாளைக்கு என்பது மறுநாளைக்கு ஆயிற்று. காலையில் சமுத்திரக் காற்று, பிறகு கிளப், சாயங்காலம் உபன்யாசம். மாட வீதியில் ஜட்ஜ் சவாரி போகிறார் என்று ஜனங்கள் அவசரமாக ஒதுங்குவார்கள், அவர் குடையை உயர்த்தி ஆசீர்வாதம் செய்வார். கை ரிக்ஷாக்காரருக்கு விடுதலை கிடைத்தது. ராமச்சந்திரன் அப்பாவைச் சுற்றிக்காட்டி முடிப்பதற்குள் ஆபீசுக்கு நேரமாகிவிடும். மனைவியைக் கொண்டுவிட வண்டியும் இல்லை, வேளையும் இல்லை. விசாலாட்சி வாசலில் பையை வைத்துக்கொண்டு நின்றார். ஒரு வார்த்தை குறை சொல்லவில்லையாம். சும்மா நின்றாராம், அவ்வளவுதான். இதெல்லாம் ராமச்சந்திரன் பீப்பாயில் சாய்ந்துகொண்டு சொன்னது.

தேர் நிலைக்கு வந்த மறுநாள் அவர் முகமெல்லாம் பல்லாக வந்தார். "அப்பா தீர்ப்பு சொல்லிட்டார் மேஸ்திரி. படிப்பை நிறுத்த வேண்டாமாம். 'பஸ்ஸுல போகட்டுமேடா. நாலு பொம்மனாட்டிகள் போறாளே, அவா கௌரவமெல்லாம் கொறஞ்சா போயிடுத்து? வண்டியில போனா முதுகு வலிக்கறதுன்னு சொல்றவளை வண்டியிலயே ஏத்தறது தர்மமா?'ன்னார். எங்கப்பா மாதிரி பரந்த மனசு யாருக்கு வரும் சொல்லுங்கோ."

"யாருக்கும் வராது சார்" என்றார் நாயுடு, வெற்றிலைக்குச் சுண்ணாம்பு தடவியபடி.

அதற்குச் சில நாள் கழித்து லஸ் பஸ் நிறுத்தத்தில் விசாலாட்சியைப் பார்த்தேன். நாயுடுவும் நானும் டீ குடிக்கப் போய்க்கொண்டிருந்தோம். கூட்டத்தில் அவர் நின்றுகொண்டிருந்தார். சுருதிப்பெட்டிப் பை தோளில் இருந்தது.

"ஸ்பிரிங் எப்டிம்மா கீது?" என்று நாயுடு கேட்டார்.

"எனக்கென்ன தெரியும் மேஸ்திரி? நான் அதுல இன்னும் உக்காரவே இல்லையே" என்றார். பஸ் வந்தது. பையை இரண்டு கையாலும் நெஞ்சோடு அணைத்துக்கொண்டு ஏறினார். அந்த நிறுத்தத்தில் அன்று அவ்வளவு சந்தோஷமாக நின்றது அவரும் அந்த மண்டையோடும்தான்.

ஐம்பதுகளின் தொடக்கத்தில் அவர் பட்டம் வாங்கினார். மாட வீதியில் ஒரு மண்டபத்தில் பாராட்டுக் கூட்டம் வைத்தார்கள். ஜட்ஜுக்குத்தான் பெரிய மாலை. நாயுடுவும் நானும் உள்ளே போகாமல் வாசலில் நின்றோம், வண்டிக்குப் பக்கத்தில். ஒலிபெருக்கியில் ஜட்ஜின் குரல் வந்தது: "எங்காத்து மாட்டுப்பெண்ணை டாக்டருக்குப் படிக்கவெச்சது நான். அந்தக் காலத்துல எத்தனை பேர் எதிர்த்தா தெரியுமோ? நான் அசைஞ்சு குடுக்கலை." உள்ளே கைதட்டல். கதவு வழியே எட்டிப் பார்த்தேன், மேடை ஓரத்தில் விசாலாட்சியும் தட்டிக்கொண்டிருந்தார்.

எனக்குப் பற்றிக்கொண்டு வந்தது. "இன்னா மேஸ்திரி, வாய் கூசாம பொய் சொல்றாரு" என்றேன்.

நாயுடு சாக்கடை ஓரம் போய் வெற்றிலைச் சாற்றைத் துப்பிவிட்டு வந்தார். வண்டியின் பின் சீட்டை ஒருதடவை அமுக்கிப் பார்த்தார்.

"பொய்யின்னு சொல்லாத நைனா" என்றார். "மெய்யாலுமே அவுருதான் படிக்க வெச்சாரு. குந்திக்கினே படிக்க வெச்சாரு."